ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

ஜெராக்ஸ் தாளில் இருந்தது என் கையெழுத்து என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமைதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் முப்பது வருசத்துக்கு முந்தி நான் எழுதிய பக்கம். வரி பிசகாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் அச்சடித்த மாதிரி இருந்தது. "பாத்தியாளா, அந்தக் காலத்துலயே எப்படி எழுதியிருக்கேன்னு?" என்று கூடக் கேட்டுவிட்டேன்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள் சிரிக்கவில்லை. அவள் என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவள். தூத்துக்குடிக்கு வெளியே உள்ள இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பி.காம். படித்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அடுத்தவன் பாஸ்போர்ட்டைக் காப்பி எடுத்துக் கொடுப்பதே பாதி வேலை என்று முன்பொரு நாள் சொல்லியிருக்கிறாள்.

"எம் பேருக்கு நேரா இருக்க தேதியப் பாருங்க டீச்சர்."

பார்த்தேன். 1.6.1988.

"சரி, அதுக்கென்னளா?"

"நான் பெறந்தது எம்பத்தேழு சிவராத்திரிக்கு."

இருக்கட்டுமே என்றுதான் இருந்தது எனக்கு. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் ஒன்று, வீட்டுப் பிறந்தநாள் ஒன்று இல்லாதவர்கள் யார்? எந்த ஆபீசில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பெரியவர்களில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். மற்ற மாதத்தில் எல்லாம் எங்கள் ஊர்ப் பொம்பிளைகள் பிள்ளையே பெறவில்லை போலிருக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், பிள்ளைக்கு அஞ்சு வயது முடிந்திருக்க வேண்டும், வாத்தியார் ஜூன் ஒன்று என்று போடுவார். ஒரு வருசம் குறைத்துப் போட்டால் பிற்பாடு வேலைக்கு உதவும், ஒரு வருசம் பிந்தி ரிட்டையர் ஆகலாம். தாய் தகப்பன்மாரே கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அது பொய் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடப் போடுகிற மாதிரிதான் நினைத்திருந்தேன்.

அவள் பைய எடுத்துச் சொன்னாள். மதுரையில் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறாள். இந்த மண்ணில் எண்பத்தேழு ஜூலை ஒன்றாம் தேதிக்கு முந்திப் பிறந்திருந்தால், பெற்றவர்கள் யாராக இருந்தாலும் பிள்ளை இந்தியப் பிரஜை. அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்கு அப்படி இல்லை. தாய் தகப்பன் இரண்டு பேரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவளுக்கு இருவருமே மன்னாரிலிருந்து வள்ளம் ஏறி வந்தவர்கள்.

"அப்போ எம்பத்தேழு சிவராத்திரின்னா…"

"நான் இந்தியாக்காரி டீச்சர். எம்பத்தெட்டு ஜூன்னா அகதி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வக்கீலுக்குக் கோட்டியா? நான் ஒரு பேச்சுக்கு எழுதுனதை வச்சா நாட்டத் தீர்மானிப்பான்? ஆஸ்பத்திரிச் சீட்டு எங்க? முகாம்ல குடும்ப அட்டை எங்க?" என்று சத்தம் போட்டேன். பிறந்தது ஆஸ்பத்திரியில் இல்லையாம், முகாமின் தகரக் கொட்டகையில். பதியவில்லை. பத்திரமாக வைத்திருந்த முதல் அட்டை 2023 பெருவெள்ளத்தில் போய்விட்டது, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணி நின்ற டிசம்பரில். அந்த முதல் அட்டைக்குப் பிறகு வந்த அட்டைகள், ஆதார், பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட், கல்யாணப் பதிவு எல்லாம் பள்ளிக்கூடத் தேதியைப் பார்த்து எழுதியவை. ஒன்றைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மூலம் அந்தத் தாள்.

கடைசியில் அவள் சொன்னாள், "எழுதுனவங்க உசுரோட இருந்தா அவங்க வாயால சொல்லணும்னு வக்கீல் சொல்லுதாரு. நீங்க ஒரு அபிடவிட் தரணும் டீச்சர்."

பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அவளை அனுப்பினேன். வாய்க்காரி என்று பேரெடுத்தவள் நான். தண்ணி குடிக்கிறியா என்றுகூட அவளிடம் கேட்கவில்லை.

அந்த நாள் எனக்கு மறந்துபோயிருந்தால் நன்றாயிருக்கும். மறக்கவில்லை. தொண்ணூற்று மூன்று ஜூன். முகாமிலிருந்து ஒரு மன்னார்க்காரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். என்னைவிடச் சின்னவள். பிள்ளையின் தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து வாரியிருந்தாள். இடையில் ஒரு வருசம் முகாமில் காய்ச்சல் வந்து பிள்ளை படுத்துவிட்டதால் சேர்ப்பது பிந்திவிட்டது என்றாள். தேதி கேட்டேன். சொன்னாள். நான் எழுதியதை எட்டிப் பார்த்தாள், படித்தவள் அவள்.

"இல்லை டீச்சர், பிள்ளை எண்பத்தேழு சிவராத்திரிக்குப் பிறந்தது. ஆறு வயசு முடிஞ்சிட்டுது. ஏன் குறைக்கிறீங்கள்?"

"சும்மா கெடளா. ஒரு வேலைன்னு போனா ஒரு வருசம் கூட இருப்பா. எல்லாப் பிள்ளைக்கும் செய்யிறதுதான்."

"நாங்கள் திரும்பிப் போயிடுவம். இவளுக்கு இந்தியாவில வேலை எதுக்கு? உள்ளபடி எழுதுங்கோ."

உள்ளபடி எழுதச் சொல்லித்தான் கேட்டாள். நான்தான் கேட்கவில்லை. "ஒனக்கு ஒண்ணுந் தெரியாது" என்றேன். அகதிப் பிள்ளைக்குச் சர்க்கார் வேலையே கிடையாது என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை, நான் பேச வந்துவிட்டேன். அவள் கண் கலங்கியதைப் பார்த்து மனசு கேட்காமல் இன்னொன்றும் சொன்னேன். "நானும் கொழும்புல பெறந்தவதான். கடைய எரிச்சிட்டாங்கன்னு எங்கப்பா என்னக் கைப்பிள்ளையாத் தூக்கிட்டு வந்தாரு. இன்னிக்கு நான் டீச்சரா இருக்கலையா? ஒம் மகளும் இருப்பா." அவள் சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

நான் சொன்னது மெய். எங்கள் மாவட்டத்து நாசரேத்துப் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போய்ப் பலசரக்குக் கடை வைத்தவர் என் அப்பா. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதி ஆம்பிளைகளுக்குக் கொழும்புதான் அடுத்த தெரு. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடையைக் கொளுத்திவிட்டார்கள். பக்கத்துக் கடைச் சிங்களவர் ரொட்டி சுடுகிறவர். இரண்டு நாள் எங்களை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருந்தாராம். நான் அழுதால் காட்டிக்கொடுத்துவிடுமே என்று அம்மா என் வாயில் சீனித்துணியை வைத்தபடி இருந்தாளாம். பிறகு கப்பல் ஏறித் தூத்துக்குடியில் வந்து இறங்கினார்கள். அப்பாவிடம் இருந்த ஒரே தாள் கடை லைசென்ஸ். அதுவும் பாதி கருகியது.

அன்றைக்கு எங்களிடம் யார் என்ன கேட்டார்கள்? போதகர் ஐயா "இவர் நம்ம சபைப் பிள்ளை" என்று ஒரு கடிதம் கொடுத்தார். ரேஷனுக்கு அது போதும், வீட்டுக்கு அது போதும். நான் பள்ளிக்கூடத்தில் சேரும்போது தலைமை ஆசிரியர் "எந்த ஊரு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஊர் எது என்று கேட்டால் எவனாவது பிறந்த இடத்தைச் சொல்வானா? தகப்பன் ஊரைத்தான் சொல்வான். அப்பாவும் நாசரேத் என்றார். பிறந்த இடம் நாசரேத் ஆயிற்று. தேதி? ஜூன் ஒன்று, ஐம்பத்தெட்டு. உண்மையில் அதற்கு முந்தின வருசம் மழைக்காலத்தில் பிறந்தவள் நான். நாள் எது என்று அம்மாவுக்கே நிச்சயமில்லை, எழுதி வைத்திருந்த வேதாகமம் கடையோடு எரிந்துபோனது. அந்தப் பொய்த் தேதியை வைத்துத்தான் டீச்சர் வேலைக்குப் போனேன், கூட ஒரு வருசம் சம்பளம் வாங்கினேன், இப்போது பென்ஷன் வாங்குகிறேன்.

இப்படி யோசித்துக்கொண்டே போனதில் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அதே ஜூன் ஒன்று. கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்த என்னை அது நாசரேத் என்ற ஊர்ப் பேரோடு சேர்ந்து இந்தியாக்காரி ஆக்கியது. இந்தப் பக்கம், என் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவளை அந்நியக்காரி ஆக்கிவிட்டது. என் கர்த்தாவே என்று நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர், பேப்பர் என்றால் அவருக்குப் பயம். முழுசும் கேட்டுவிட்டுச் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"ஒனக்கென்ன பேய் பிடிச்சிருக்கா? பொய்யா எழுதுனேன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா?"

"பொய்யாத்தானே எழுதியிருக்கேன்."

"அப்போ வேற எத்தனை பேருக்கு எழுதுனேன்னு கேப்பான். அதுக்கு என்ன சொல்லுவ? நாளைக்குப் பென்ஷன்ல கை வைப்பான். ஒன் தேதியே பொய்யின்னு கெளம்புச்சுன்னா?"

"ஏங்க, அவ அம்மா படுத்த படுக்கையா கெடக்காங்க."

"நீ படுக்கப் போட்டியா?" என்றார். கேட்ட பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

விஷயம் அதுதான். இலங்கையில் சண்டை முடிந்து சில வருசம் கழித்து மன்னார்க்காரி திரும்பிப் போனாள். புருசன் இங்கேயே கண்ணை மூடிவிட்டார். காணியை விட்டால் வேறு எவனாவது வேலி போட்டுவிடுவான் என்று மூத்த மகனோடு போனாள். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் தங்கினாள். போன வருசம் அந்த அம்மா அங்கே கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இப்போது நெஞ்சிலும் நீர் கோத்திருக்கிறதாம். மகள் போக வேண்டும் என்றால் போகலாம், ஒருத்தரும் தடுக்கவில்லை. முகாமில் பேரை அடித்துவிட்டு, திரும்பி வர வழியில்லாமல் போகலாம். புருசனும் பிள்ளைகளும் இங்கே. பாஸ்போர்ட் இருந்தால் போய் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அவள் கேட்பது அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. முத்துக்குளித்த காலத்தில் இந்தக் கரைக்காரர்கள் மன்னார்க் கடலடி முத்துப் பாருக்கும் போவார்கள், தூத்துக்குடி பாருக்கும் போவார்கள். சிப்பி விளைந்த இடம்தான் கணக்கு. இலங்கையில் வெள்ளைக்காரன் போன கையோடு ஒரு சட்டம் போட்டு, தேயிலை பறித்த லட்சக்கணக்கான ஜனத்தை நாடில்லாதவர்களாக ஆக்கியதைப் பள்ளியில் நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். "அநியாயம் பாத்தீங்களா பிள்ளைகளா" என்று சொல்லியிருக்கிறேன். கொழும்பில் சனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்ததை டி.வி.யில் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். சமீபத்தில் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஃபாரம் வந்தபோது எங்கள் தெருவே பழைய தாளைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தது. நானும் கவிழ்த்தேன். 'நல்லவேளை, நமக்கு எல்லாம் இருக்கு' என்று திருப்பி அடுக்கினேன். அடுக்கும்போது அப்பாவின் கருகின லைசென்ஸ் கையில் பட்டது. அப்போதும் உறைக்கவில்லையே எனக்கு! சரித்திரம் எல்லாம் எங்கோ எவனோ செய்வது என்று இருந்துவிட்டேன், என் பேனா மூடியைத் திறந்ததை நினைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் அவள் திரும்ப வந்தாள். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. மழுப்பினேன். "வீட்டுக்காரர் யோசிக்கச் சொல்லுதாரு… பாப்போம்ளா" என்றேன். அவள் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. "அம்மா ஒங்ககிட்ட பேசணும்னாங்க டீச்சர்" என்று போனை நீட்டினாள். வீடியோவில் ஒரு தலையணை, அதில் ஒரு முகம். அடையாளமே தெரியவில்லை. என்னைவிடச் சின்னவள், என் அம்மா மாதிரி ஆகிவிட்டாள்.

"டீச்சர், சுகமா இருக்கிறியளோ?"

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

"நான் அண்டைக்கே சொன்னனான்தானே" என்று அவள் கேட்க வேண்டியதை நானே அவள் பேச்சில் கேட்டேன்.

"ஓம்" என்றாள். மூச்சு வாங்கியது. "பிறகு நான் முகாம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். எங்கட டீச்சர் என்ர பிள்ளைக்கு ஒரு வருசம் சும்மா தந்தவ எண்டு. எல்லாருக்கும் பெருமையாச் சொன்னனான்."

போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"அந்த வருசம் இப்ப எனக்குத் தேவையாய் இருக்கு டீச்சர். பிள்ளையை ஒருக்கா பாக்கவேணும். தருவியளோ?"

"தாரேன்" என்றேன். "தாரேன்ளா." போனை அவளிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலையில் புறப்பட்டபோது வீட்டுக்காரர் எனக்கு முந்தித் தெருமுனைக்குப் போனார். ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். மதுரை வக்கீலுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் தூத்துக்குடியிலேயே இருந்தார், சின்ன ஆபீஸ், கோர்ட்டுக்குப் பக்கத்தில். அவள் எனக்கு முந்தி வந்து வாசலில் நின்றாள். கடைக்கு லீவு போட்டிருக்கிறாள்.

வக்கீல் நல்ல மனுசன். நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடித்தார். சேர்க்கை நாள், தாய் சொன்ன தேதி, நான் எழுதிய தேதி, ஏன் எழுதினேன், எல்லாவற்றையும் சொன்னேன். தாய் மறுத்துச் சொன்னதையும், நான் அதட்டியதையும் சொன்னேன். "அதெல்லாம் வேண்டாம்மா" என்றார். "இருக்கட்டும், போடுங்க" என்றேன். என் ஆதாரையும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் வாங்கி மேலே சில வரிகள் சேர்த்தார். பிறகு தாளை எடுத்து வாசித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு ஜூன் ஒன்றாம் தேதி நாசரேத்தில் பிறந்தவரும், பிறப்பால் இந்தியக் குடிமகளுமாகிய நான், சத்தியப் பிரமாணமாகக் கூறுவது என்னவென்றால்…"

கை தூக்கி, கர்த்தர் பேரால் உண்மை சொல்ல வந்திருக்கிறேன். முதல் வரியே இப்படி.

"சார், அந்தத் தேதியும் ஊரும்… அது அவசியமா?"

"சாட்சி யாருன்னு தெரியணுமேம்மா. உங்க ரெக்கார்டுல எப்படியோ அப்படியே இருக்கணும். இதுல ஒரு எழுத்து மாறினாலும் போச்சு. இந்த அம்மா தேதியே சரியில்ல, இவங்க சொல்ற தேதியை எப்படி நம்புறதுன்னு ஒரே வார்த்தையில தூக்கிப் போட்ருவாங்க." கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஏன், தப்பா எதுவும் இருக்கா?"

நான் பக்கத்தில் திரும்பினேன். அவளுக்குத் தெரியும். நான் கொழும்பில் பிறந்தவள் என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவள் அம்மா முகாமில் அவளுக்குத் தைரியம் சொல்லும்போதெல்லாம் என் கதையைத்தான் சொல்லியிருக்கிறாள், அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். தகரக் கொட்டகையில், இந்த ஊரில், சிவராத்திரி அன்றைக்குப் பிறந்தவள், 'பிறப்பால் இந்தியக் குடிமகள்' என்ற அந்த வரியை மேசையின் இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"சரின்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"சரிதான் சார், எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.